சேகரித்தவர் பெயர்

ஒரு சிலந்தி எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். சஹானாவுக்கு அந்த ஜூலை மாதம் முழுக்க அதுதான் வேலை. காலையில் கண் விழித்ததும் முதலில் அந்த டப்பாவைத்தான் பார்ப்பாள். உள்ளே சிலந்தி உயிரோடு இருக்கும். ஐயோ, இன்னும் இருக்கிறதே என்று ஒரு எரிச்சல் வரும். அடுத்த நொடியே, சீ, நானா இப்படி நினைக்கிறேன் என்று தன்மேலேயே அருவருப்பு வரும். இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு பல் விளக்கப் போவாள்.

டப்பா உள்ளங்கை அகலம்தான். மூடியில் ஊசியால் குத்திய ஓட்டைகள், உள்ளே ஒரு வேப்பங்குச்சி, நனைத்த பஞ்சு, அப்புறம் அவன். ஆண் சிலந்தி, கொத்துமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு. வலை பின்னுகிற ஜாதி இல்லை. பூனை மாதிரிப் பதுங்கிப் பாய்ந்து இரையைப் பிடிக்கிற தாவும் சிலந்தி. எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் இரண்டும் பெரிசு. நாம் எந்தப் பக்கம் போனாலும் உடம்பைத் திருப்பி நம்மையே பார்க்கும். தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு, தயிர்சாதத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டுப் பையில் உட்கார்ந்து அவனும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது சஹானா பையைத் திறந்து பார்ப்பாள். அவனும் அவளைப் பார்ப்பான்.

அவளுக்கு வயது முப்பத்துநாலு. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு, எட்டாவது வருஷம். பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய நீட்டிப்பையெல்லாம் கொடுத்து ஓய்ந்துவிட்டது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் பதிவு ரத்து. ஆய்வேடும் தயார்தான், கறுப்பு அட்டையில் பொன் எழுத்துப் போட்டு, வழிகாட்டிப் பேராசிரியர் சீனுவாசன் கையெழுத்தும் வாங்கி, லேப் பீரோவில் படுத்திருந்தது. அப்புறம் என்ன கேடு என்று கேட்பீர்கள். அந்த ஆய்வேடு சொல்வது பொய் என்று டப்பாவில் இருக்கிறவன் சொல்கிறானே, அதுதான் கேடு.

இதைப் புரிந்துகொள்ள அவள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம், நயினார் வீடு. அப்பா பார்சுவநாத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் ஒரு பருக்கை யார் வாயிலும் போகாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து விலங்கியல் படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள் சஹானா. அப்பா சண்டை போடவில்லை. மேல்சித்தாமூர் கோயிலுக்குக் கூட்டிப்போய் சன்னிதியில் நிறுத்தி ஒரே ஒரு சத்தியம் வாங்கினார்.

"எந்த உயிரையும் உன் கையால கொல்லக் கூடாதும்மா. அவ்ளோதான். மத்தபடி என்னா வேணா படி."

அவளும் சத்தியம் செய்தாள். பட்டப்படிப்பில் மற்றவர்கள் கரப்பான்பூச்சியை அறுக்க, அவள் பக்கத்தில் நின்று படம் வரைந்தாள். நல்ல கை. மார்க்கும் வந்தது. ஆராய்ச்சிக்கு வந்தபோது அவளுக்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்று சீனுவாசன் சார் ஒரு வாரம் யோசித்தார். பாவம், நல்ல மனுஷர். கடைசியில் ஒன்றைப் பிடித்தார். அந்தமான், நிக்கோபார், இலங்கை, இன்னும் கிழக்கே சில தீவுகள் என்று தீவுகளில் மட்டுமே கிடைத்திருக்கும் ஒரு பேரினத்துத் தாவும் சிலந்திகள். லத்தீனில் அதற்கு நாக்கைச் சுளுக்கும் ஒரு பெயர். லேபில் சுருக்கமாகத் தீவான் என்பார்கள். யார் யாரோ எப்போதோ பிடித்து, ஸ்பிரிட்டில் போட்டு, அருங்காட்சியகங்களின் அலமாரிகளில் அடுக்கி வைத்த குப்பிகள் அறுபத்தொன்று. அவற்றுக்குள் நூற்று நாற்பத்திரண்டு சிலந்திகள்.

"செத்தது செத்ததுதானேம்மா. நீ ஒண்ணையும் கொல்ல வேண்டாம். உனக்குன்னே செஞ்சாப்பல டாபிக்" என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஏழு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அந்த நூற்று நாற்பத்திரண்டையும் பார்த்தாள். ஆண் சிலந்திக்கு முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டைக் கைகள் உண்டு. அதன் நுனியில் ஒரு கொக்கி. ஒவ்வொரு இனத்துக்கும் கொக்கி ஒவ்வொரு விதமாக வளையும். பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. அந்தக் கொக்கிகளை வைத்து எட்டு இனம் என்று பிரித்தாள். எது எந்தத் தீவு என்று குப்பிக்குள் இருந்த சீட்டு சொல்லியது. ஊர், தேதி, கடைசி வரியில் சேகரித்தவர் பெயர். சேகரித்தவர் என்றால் வேறு யார், கொன்றவர்தான். அந்தப் பெயர்களையெல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டு நன்றியும் எழுதினாள். வரைபடத்தில் புள்ளி வைத்தாள். எல்லாப் புள்ளியும் கடலுக்கு நடுவே விழுந்தது.

சீனுவாசன் சார் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. அவர் பேர் வெளியே தெரிந்ததே அதனால்தான். இந்தப் பேரினம் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதுதான் அதன் சாரம். அதற்குப் பக்கபலமாக ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் வேண்டும் என்றார். நிலப்பகுதியில் தேடினோம், இல்லை என்று. அவளும் தேடினாள். கெடார் வயல்வரப்பு, கூட்டேரிப்பட்டுப் புளியமரங்கள், பொம்மையார்பாளையத்துத் தென்னந்தோப்பு என்று நாற்பத்துமூன்று இடம். மற்றவர்கள் என்றால் பார்த்ததையெல்லாம் ஸ்பிரிட்டில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் பார்ப்பார்கள். இவள் பார்த்தாள், போனில் படம் எடுத்தாள், விட்டுவிட்டாள். நாற்பத்துமூன்று இடத்துக்கும் நேராக 'இல்லை' என்று எழுதினாள்.

ஜூன் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை. மாடியில் அப்பா சாம்பிள் மல்லாட்டை காயவைத்திருந்தார். அதைக் கிளறிவிடப் போனவள் கைப்பிடிச் சுவரில் இவனைப் பார்த்தாள். நெற்றியில் வெள்ளைப் பட்டை, முன்கால்களில் ஆரஞ்சு நிறம். பக்கவாட்டில் நாலடி போய், நின்று, இரண்டு கால்களைத் தூக்கி ஆட்டினான். அழகாக இருக்கிறானே என்று போனில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முகத்துக்கு முன்னால் அந்தக் குட்டைக் கைகள். நுனியில் அந்தக் கொக்கி. ஏழு வருஷம் பார்த்த கொக்கி அவளுக்குத் தெரியாதா? மல்லாட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தீவானை அவள் உயிரோடு பார்த்ததே இல்லை. ஸ்பிரிட்டில் வருஷக்கணக்கில் ஊறி நிறமெல்லாம் கரைந்து வெளுத்துப்போனதைத்தான் தெரியும். அந்தப் பிணத்தின் சாயலைத் தேடிக்கொண்டுதான் நாற்பத்துமூன்று இடத்திலும் அலைந்திருக்கிறாள். அன்று ராத்திரியே பழைய படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டாயிரத்துச் சொச்சம் படம். அஞ்சு வருஷத்துக்கு முந்தைய ஒரு படத்தில் விரல் நின்றது. கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடைக்குப் பின்னால், புளியமரப் பட்டை இடுக்கில், முட்டைப் பையின் மேல் உட்கார்ந்திருக்கும் பெண் சிலந்தி. நெற்றியில் அதே வெள்ளைப் பட்டை. கீழே சஹானாவே வேறொரு சாதாரணச் சிலந்தியின் பெயரை எழுதி வைத்திருந்தாள். ஸ்பிரிட் குப்பி கையில் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளிடம் இருந்தது சத்தியம்.

மறுநாள் சீனுவாசன் சாரிடம் டப்பாவைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அந்தமான்லேர்ந்து மரம் வருது, செடி வருது. அதுல ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா."

அவள் கூட்டேரிப்பட்டுப் படத்தை நீட்டினாள். "அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்தது சார். முட்டையோட இருக்கு. இங்கியே குடும்பம் நடத்திக்கினு இருக்கு."

"போட்டோவை எவன் ஒத்துப்பான்? குப்பி எங்க, நம்பர் எங்கம்பான். அந்தக் கொக்கியைத் தனியா எடுத்து, திருப்பிப் பாத்து, வரையணும். அதுக்கு ஸ்பிரிட்ல போடணும். நீ போடுவியா?"

அவள் டப்பாவை மூடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டே. எனக்குத் தெரியும்" என்றார் சார். குரலில் கோபம் இல்லை, கனிவுதான் இருந்தது. "விட்டுடும்மா. வெளிய தோட்டத்துல விட்டுடு. உங்க தர்மமும் அதைத்தானே சொல்லுது? தீஸிஸைக் குடு. அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆயிடுவேன். நிம்மதியா இருப்போம்."

கனிவாகப் பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் உலகத்திலேயே பெரிய அவஸ்தை. திட்டினால் திருப்பித் திட்டலாம். மூடியைத் திறந்து விட்டால் போதும், உயிரும் பிழைக்கும், பட்டமும் வரும், சாரும் வாழ்த்துவார், அப்பாவும் மெச்சுவார். அவள் மட்டும் பொய்க்காரி. விடாமல் ஸ்பிரிட்டில் போட்டால் உண்மை நிற்கும். சத்தியம் போகும், அநேகமாகப் பட்டமும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். டப்பாவுக்குள் இருக்கிறவனுக்காவது ஓட்டை போட்ட மூடி இருந்தது.

அவள் ஒரு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தாள். வழி என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். ஆண் சிலந்திகள் ரொம்ப நாள் இருக்காது. தானாகச் செத்தால் அவள் கொன்றதாகாது. செத்த உடம்பை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டுக்கொள்ளலாம். ஆக, காத்திருப்பது. நடுவில் ஒருநாள் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரில் மயங்க விட்டு, உயிரோடேயே கொக்கியை வரைந்து பார்க்கலாம் என்று முயன்றாள். கால்மணி நேரத்தில் எடுத்தால் சுருண்டு கிடந்தான். கைவைப்பதற்குள் ஒரு கால் துடித்தது. அதோடு அதை விட்டாள்.

உயிரோடு இருப்பவன் சாப்பிட வேண்டுமே. சிலந்தி தயிர்சாதம் தின்னாது. லேபில் மாணவர்களுக்காகக் குப்பிகளில் பழ ஈ வளர்ப்பார்கள். அதைக் கவனித்துக்கொள்வது லேப் உதவியாளர் தையல்நாயகி. கெடார்க்காரி, ஐம்பது வயசு, வாயில் எதையும் அடக்கத் தெரியாதவள். ஒருநாள் விட்டு ஒருநாள் சஹானா டப்பாவை அவளிடம் நீட்டுவாள். தையல்நாயகி மூன்று ஈயை உள்ளே விடுவாள். சஹானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். உள்ளே 'டப்' என்று ஒரு சின்ன சத்தம் கேட்கும். அது பாய்கிற சத்தம்.

ஜூலை இருபத்தெட்டு, திங்கட்கிழமை. வழக்கம்போல டப்பாவை நீட்டினாள். தையல்நாயகி வாங்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. எம்மாம் ஈ போட்டிருக்கேன் தெரியுமா இதுவரைக்கும்?"

"எவ்ளோக்கா?"

"அறுவது இருக்கும். மேலயே இருக்கும். ஒரு பூச்சி சாவக் கூடாதுன்னு அறுவது பூச்சி. நீ அந்தாண்ட திரும்பிக்கினு நிக்கிற, நான் போட்டுக்கினு இருக்கிறேன். அப்போ அந்தப் பாவம்லாம் யாருக்கு? எனக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சஹானாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல தாயி. நாங்க கறி துன்றவங்க. ஆனா நீ படிச்ச பொண்ணு, இதைக் கணக்கு போடலியேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மூன்று ஈயை உள்ளே விட்டுவிட்டுப் போனாள்.

அன்று நாலே முக்கால் பஸ்ஸில் வரும்போது சஹானாவுக்குப் பையைத் திறந்து பார்க்கவே பிடிக்கவில்லை. தினமும் அந்த பஸ்ஸைத்தான் பிடிப்பாள். பொழுது சாய்வதற்குள் வீட்டில் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். கூட்டேரிப்பட்டு வந்தது. அந்த டீக்கடை அப்படியே இருந்தது. பின்னால் புளியமரமும் இருந்தது. அந்த மரத்தில் இன்னும் எத்தனை பேர் இருப்பார்களோ என்று நினைத்தாள். வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளைத்தாள். புள்ளி விழுந்த இடமெல்லாம் சிலந்தி இருக்கும் இடம் என்று ஏழு வருஷம் நம்பியிருக்கிறாள். அப்படி இல்லை. யாரோ ஒருத்தர் ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டு போன இடத்தில்தான் புள்ளி விழுந்திருக்கிறது. அவள் சத்தியத்தை எடுத்துக்கொண்டு போன இடமெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது.

வீட்டில் அப்பா தட்டு வைத்துக் காத்திருந்தார். அம்மா போய் எட்டு வருஷமாக இரண்டு தட்டுதான். சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தவர் டப்பாவைப் பார்த்துவிட்டார். ஒன்றரை மாதமாக மறைத்தது அப்படி வெளியே வந்தது. அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"தொறந்து விட்டுடும்மா" என்றார். "எத்தினி நாளா அடைச்சி வெச்சிருக்க? அதுவும் ஹிம்சைதான்."

"விட்டா நான் எழுதினது பொய்யின்னு தெரிஞ்சே பட்டம் வாங்கினவளா ஆயிடுவேன்பா."

"பொய்யும் கூடாது."

"அப்போ என்னப்பா பண்றது?"

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிலந்தி அவரையும் திரும்பிப் பார்த்தது. மெல்ல, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க லேப்ல ஒரு அம்மா இருக்காங்கன்னு சொல்லுவியே. அவங்ககிட்ட குடுத்துடேன். உன் கையால வேணாம்."

சஹானாவுக்குக் கோயில் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அப்பா இதே வார்த்தையைத்தான் சொன்னார்: உன் கையால.

"மண்டி கொடவுன்ல வண்டு விழுந்தா என்னப்பா பண்றீங்க?"

"நாம ஒண்ணும் பண்றதில்ல. அதுக்கு ஆளு வர்றாங்க, மருந்து வெச்சிட்டுப் போறாங்க" என்றார். சொல்லி முடித்துவிட்டுச் சோற்றில் கைவைத்தார்.

புதன்கிழமை, ஜூலை முப்பது. சிலந்திக்குப் பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் உயிரோடு இருந்தான். இன்னும் ஒரு வாரம் இருப்பான், பத்து நாள் இருப்பான். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருக்கும். காலையில் லேபில் தையல்நாயகியைத் தவிர யாரும் இல்லை. சஹானா ஸ்பிரிட் அலமாரியின் சாவியைக் கேட்டாள். தையல்நாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"குடும்மா, நானே போட்டுர்றேன். ஜல்தியா முடிஞ்சிரும். நான் அன்னிக்கு சும்மா வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீ அதை மனசுல வெச்சிக்கினு..."

"இல்லக்கா. நீங்க போட வேணாம்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்னு சொன்னியே."

"ஆமா. பண்ணியிருக்கேன்" என்றாள் சஹானா. குப்பியில் பாதிக்கு ஸ்பிரிட் ஊற்றினாள். டப்பாவின் மூடியைத் திறந்தாள். இந்தத் தடவை ஈ விடுவதற்காக இல்லை. அவன் ஓடியிருக்கலாம். ஓடினால் விட்டுவிடுவது என்று அவள் உள்ளுக்குள் ஒரு கள்ளக் கணக்குக்கூடப் போட்டு வைத்திருந்தாள். அவன் வேப்பங்குச்சியின் நுனிக்கு வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். அவள் அந்தக் குச்சியைக் குப்பிக்கு மேலே சாய்த்து ஒரு தட்டு தட்டினாள்.

ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கடைசிவரை பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆனது. அவளுக்கு அது ரொம்ப நேரம். அவள் அழுதாள், தையல்நாயகி பக்கத்தில் நின்று தோளைத் தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் அந்தக் கொக்கியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். இரண்டு வளைவு, அந்தப் பேரினத்துக்கே உரிய அடையாளம். இரண்டாவது வளைவில், வேறு எதிலும் இல்லாத ஒரு சின்னப் பல். இவன் அந்த எட்டு இனத்தில் எதுவும் இல்லை. ஒன்பதாவது. திண்டிவனத்து மாடியில் வாழ்ந்தவன் யாரும் பார்த்திராத ஒருவன். அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். கண்ணீர்கூடக் காயவில்லை, அதற்குள் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்குப் பயமாகவும் இருந்தது. சாகடித்த ஒவ்வொருவனும் இப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பான்.

சீனுவாசன் சார் வந்து குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரே நாளில் வயசானது மாதிரி இருந்தது.

"தப்பே இல்ல. அதேதான்" என்றார். "என் கட்டுரை அவ்ளோதான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தீஸிஸ் தலைப்புலயே தீவுகளில் மட்டும்னு இருக்கும்மா. தலைப்பை மாத்தணும்னா கமிட்டி கூடணும், ரெண்டு மாசம் ஆகும். நாளைக்கு சாயங்காலத்தோட உன் டைம் முடியுது."

"தெரியும் சார்."

"பழசையே குடுத்துடு. பட்டத்தை வாங்கிக்கோ. அப்புறமா இதைத் தனிக் கட்டுரையா போடு. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எட்டு வருஷம், பொன் எழுத்துப் போட்ட கறுப்பு அட்டை, தீஸிஸ் முடியட்டும் என்று தள்ளிப்போட்ட கல்யாணம், எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் கைக்கு வந்துவிடும்.

"கூட்டேரிப்பட்டுல இல்லன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் சார். அதைத் தெரிஞ்சே குடுக்கணுமா? அதுக்கா இவனைப் போட்டேன்?"

அவள் பீரோவிலிருந்து ஆய்வேட்டை எடுத்து சார் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். அதை அடுத்த நாள் யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை.

குப்பிக்குச் சீட்டு எழுத வேண்டும். ஸ்பிரிட்டில் மை கரையும் என்பதால் பென்சில்தான். கெட்டித்தாளில் இரண்டு சின்னத் துண்டு வெட்டினாள். ஒன்று குப்பிக்குள், ஒன்று கோப்புக்கு. முதல் வரி, திண்டிவனம், வீட்டு மாடிச் சுவர். இரண்டாவது வரி, தேதி. மூன்றாவது வரிக்கு வந்தபோது பென்சிலைக் கூர் சீவினாள். கூராகத்தான் இருந்தது, இன்னொரு தரம் சீவினாள். அப்புறம் எழுதினாள். இரண்டாவது துண்டைக் கோப்பில் வைக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு நாலே முக்கால் பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் எதிர்ச் சுவரில் இருந்தது. அப்பா தட்டு இரண்டையும் வைத்து, சோற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"விட்டுட்டியாம்மா?"

"இல்லப்பா. ஸ்பிரிட்ல போட்டுட்டேன்."

அவர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அந்த அம்மாதானே போட்டாங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற குரல்.

அவள் அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள். அப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போய்ப் படித்தார். மூன்று வரிதான், ஆனால் ரொம்ப நேரம் படித்தார்.

"சேகரித்தவர், பா. சஹானா" என்று வாய்விட்டுச் சொன்னார். பிறகு, "முன்னாடி என் பேரோட எழுத்தும் இருக்கு" என்றார்.

"அது இல்லாம என் பேரு ஏதுப்பா."

அவர் திட்டுவார் என்று நின்றாள். முகத்தில் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் வாசலிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்டிக்கு மருந்து வெக்க வர்றானே, ஒல்லியா ஒருத்தன். இருபது வருஷமா வர்றான்" என்றார். "அவன் பேரு என்னம்மா?"

"தெரியலப்பா."

"எனக்கும் தெரியல" என்றார்.

துண்டை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே வந்து சோற்றுப் பானையை மூடினார். தன் தட்டைக் கவிழ்த்து வைத்தார். அவள் தட்டைக் கவிழ்க்கக் கை போனது, நின்றது. அவளைப் பார்த்தார். அவள் எட்டித் தன் தட்டைத் தானே கவிழ்த்தாள். எதிர்ச் சுவரிலிருந்து வெயில் இறங்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.